பழசைக் கிளறினால் அப்பாவின் துக்கம் கூடிவிடாதா?

கேள்வி: என் அப்பாவுக்கு 79 வயது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா இறந்த பிறகு திருச்சி பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ஞாபகசக்தி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரிடமும் பேசுவதில்லை. சாப்பிட்டதும் அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறார். இப்போது அங்கே வாரம் ஒருநாள் நினைவுகூரல் சிகிச்சை என்று ஆரம்பித்திருக்கிறார்கள். பழசையெல்லாம் பேசவைத்தால் அம்மா நினைப்பில் இன்னும் உடைந்துபோவாரோ என்று பயமாக இருக்கிறது. அனுப்பலாமா? பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய்ப் பார்க்கும் நான் என்ன செய்யலாம்?

பதில்: அவர் சம்மதித்தால் தாராளமாக அனுப்புங்கள். ஆனால் முதலில் அவருடைய காதைக் காட்டுங்கள். பணிமனை இரைச்சலில் பல வருடம் வேலை பார்த்தவருக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நாலு பேர் சேர்ந்து பேசும் இடத்தில் பாதி காதில் விழாவிட்டால் மனிதர் ஒதுங்கத்தான் செய்வார். அதை நாம் தனிமை விரும்புகிறார் என்று எடுத்துக்கொள்கிறோம். காதில் அழுக்கு அடைத்திருந்தால் எடுக்கலாம், தேவைப்பட்டால் காது கேட்கும் கருவி வைக்கலாம்.

அடுத்தது மனச்சோர்வு. இரண்டு வாரத்துக்கு மேலாகச் சாப்பாடு இறங்கவில்லை, விடிகாலையிலேயே விழிப்பு வந்துவிடுகிறது, எதிலும் பிடிப்பில்லை, "இனி இருந்து என்ன பண்ண" என்கிறார் என்றால் குழுவில் உட்காரவைப்பது மட்டும் போதாது. மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். தைராய்டு, பி12 சோதனையும் சேர்த்துச் செய்துவிடுவது நல்லது. உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. முதியோருக்கான உதவி எண் 14567.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். வயதானவர்கள் பழங்கதை பேசுவது மூளை தளர்ந்ததன் அறிகுறி என்று மருத்துவர்களே நினைத்த காலம் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் அதை மறுத்து எழுதினார். கடைசிக் காலத்தில் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது இயல்பான மனவேலை என்றும், அதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். இன்றைய நினைவுகூரல் சிகிச்சை பெருமளவுக்கு அதிலிருந்து வளர்ந்தது.

ஆனாலும் எல்லா நினைவும் மருந்தாகாது. 1991இல் பால் வாங், லிசா வாட் என்ற இரு உளவியலாளர்கள் முதியவர்கள் நினைவுகூரும் விதங்களை ஆறாகப் பிரித்தார்கள். நடந்ததை ஏற்றுக்கொண்டு பேசுவதும், அன்றைக்குச் சமாளித்த கஷ்டத்திலிருந்து இன்றைக்குத் தெம்பு எடுப்பதும் நிறைவாக வாழ்கிறவர்களிடம் அதிகம் இருந்தன. செய்த தப்பையோ பட்ட அவமானத்தையோ திரும்பத் திரும்ப மெல்லுவது வாடிப்போனவர்களிடம் அதிகம் இருந்தது. உங்கள் அப்பா அறையில் தனியாகப் படுத்திருக்கும்போது மட்டும் பழசு வராது என்றா நினைக்கிறீர்கள்? அப்போதும் வரும், கேட்க ஆள் இல்லாமல் வரும். அதுதான் எனக்குக் கவலை தருகிறது. எதிரே ஒருவர் உட்கார்ந்து "அப்புறம்?" என்று கேட்கும்போது அதே நினைவு கொஞ்சம் நகர்கிறது.

பலன் எவ்வளவு? 128 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான ஓர் அலசலில் மனச்சோர்வு ஓரளவு நன்றாகவே குறைந்தது தெரிந்தது. ஏற்கெனவே சோர்வில் இருந்தவர்களுக்குப் பலன் கூடுதல். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு மறதி நோய் உள்ளவர்களைப் பற்றி வெளியிட்ட தொகுப்பு (2018) அவ்வளவு உற்சாகமாகச் சொல்லவில்லை. பலன் சிறியது, இடத்துக்கு இடம் மாறுகிறது என்கிறது. ஆனால் பராமரிப்பு இல்லங்களில் நடந்த ஆய்வுகளில்தான் நன்மை பரவலாகத் தெரிந்தது. ஆக, இது அற்புத சிகிச்சை இல்லை, வீண் அரட்டையும் இல்லை.

எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தே எல்லாம். இல்லத்தில் இதையெல்லாம் விசாரியுங்கள்: குழுவில் எத்தனை பேர்? ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும்; முப்பது பேரை ஹாலில் உட்காரவைத்து மைக்கில் பேசினால் அது நிகழ்ச்சி. வாராவாரம் அதே நேரம், அதே இடம், அதே ஆள் நடத்துகிறாரா? டிவியை அணைக்கிறார்களா? பேச விருப்பமில்லாதவர் சும்மா கேட்டுக்கொண்டிருக்க அனுமதி உண்டா? யாராவது அழுதால் அன்று சாயங்காலம் அவரைப் போய்ப் பார்ப்பது யார்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் நான் கொஞ்சம் யோசிப்பேன். பழைய சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் இல்லங்களும் இருக்கின்றன. பாட்டு நல்ல தொடக்கம்தான். பாட்டு நின்றதும் யாரும் யாரோடும் பேசாமல் கலைந்தால் என்ன பயன்?

நீங்கள் போகும் நாளுக்கு வருவோம். ஏறக்குறைய 10 வயதிலிருந்து 30 வயது வரை நடந்தவைதான் முதுமையில் அதிகம் நினைவுக்கு வரும் என்பது உளவியலில் பலமுறை உறுதியான விஷயம். உங்கள் அப்பாவுக்கு அது ஏறத்தாழ 1956 முதல் 1976 வரை. அணா போய் நயா பைசா வந்தது 1957, அப்போது சிறுவர். தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964 டிசம்பரில் மீசை அரும்பிய வயது. வேலையில் சேர்ந்தது, கல்யாணம், முதல் குழந்தை எல்லாம் இதற்குள் வந்திருக்கும். இந்தக் காலத்துப் பொருள் ஏதாவது ஒன்றை எடுத்துப் போங்கள்: அவருடைய பழைய டிபன் கேரியர், ரயில்வே பாஸ், வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த போட்டோ. ஒருமுறைக்கு ஒன்றே போதும்.

"ஞாபகம் இருக்காப்பா?" என்று ஆரம்பிக்காதீர்கள், பரீட்சை வைப்பதுபோல் ஆகிவிடும், ஆமாம் என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்தும் போகும். அவருக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாததைக் கேளுங்கள். சங்கு ஊதினால் பொன்மலையே எப்படி மாறும்? நீராவி என்ஜினின் கொதிகலனை எப்படிச் சோதிப்பார்கள்? சம்பள நாளில் சந்தை எப்படி இருக்கும்? அந்தப் பணிமனையே நாகப்பட்டினத்திலிருந்து 1928இல் இடம் மாறி வந்ததுதான். பொன்மலைக் குடும்பங்கள் பலவற்றின் கதை அங்கேதான் தொடங்கும். உங்கள் தாத்தா எப்படி வந்து சேர்ந்தார் என்று கேட்டுப் பாருங்கள். மகளிடம் மனசைச் சொல்லத் தயங்கும் அப்பாக்கள் வேலையைப் பற்றிக் கேட்டால் பேசுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தை மட்டும் நீங்களாக எடுக்காதீர்கள். நாடு முழுக்கக் கைதும் வேலைநீக்கமும் நடந்த காலம் அது. பெருமையும் இருக்கலாம், ஆறாத காயமும் இருக்கலாம். அவரே தொடங்கினால் கேளுங்கள்.

அம்மாவைப் பற்றிய பேச்சை நீங்கள் தவிர்த்து வருகிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து தோன்றுகிறது. அவரும் உங்களுக்காகத் தவிர்க்கிறாரோ என்னவோ. பேச்சுவாக்கில் அம்மா வந்தால் வரட்டும். கண் கலங்கினால் உடனே பேச்சை மாற்ற வேண்டாம், "அழாதீங்கப்பா" என்றும் சொல்ல வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவின் சமையலையோ கோபத்தையோ பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். அழுது, பிறகு ஒரு சம்பவம் சொல்லி, டீ குடித்தார் என்றால் நல்லபடியாகப் போகிறது என்று பொருள். ஒவ்வொரு முறையும் "நான்தான் சரியாகப் பார்த்துக்கவில்லை" என்ற ஒரே இடத்தில் போய் நின்றால், அது தனியாக ஓர் உளவியல் ஆலோசகரிடம் வாழ்க்கையை வரிசையாகப் பேசிப் பார்க்க வேண்டிய விஷயம். குழுவுக்கோ மகளுக்கோ உரியது இல்லை. கிளம்பும் முன் பேச்சை இன்றைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்: ராத்திரி என்ன டிபன், அடுத்து எப்போது வருவேன்.

எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டும் என்று தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். பிரிட்டனில் மறதி நோயாளிகளையும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரையும் சேர்த்து உட்காரவைத்து நினைவுகூரல் குழுக்கள் நடத்திப் பார்த்தார்கள். 2012இல் வந்த முடிவில் எதிர்பார்த்த பலன் இல்லை. பார்த்துக்கொள்பவர்களின் பதற்றம்தான் சற்று கூடியிருந்தது. உங்கள் நிலைமை வேறு என்றாலும் மகள் மகளாகவே இருப்பது நல்லது.

அப்பாவின் தனிமை நீங்கள் வராத நாட்களில்தான் இருக்கிறது. அந்த நாட்களில் அவரைத் தெரிந்தவர் ஒருவர் அங்கேயே வேண்டும். ஆகவே ஒரு பக்கத்தில் அவரைப் பற்றி எழுதிக் கொடுங்கள்: எந்தப் பிரிவில் வேலை, எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும், காபியில் சர்க்கரை எவ்வளவு, யாரைப் பற்றிப் பேசினால் முகம் மலரும், எதைத் தொடக் கூடாது. அவரிடம் படித்துக் காட்டி, சரி என்று சொன்ன பிறகு, இல்ல மேலாளருக்கு ஒரு பிரதி, அவருடைய அறைக்கு வரும் ஆயாவுக்கு ஒரு பிரதி. குழுவில் யாருடைய கதையை அப்பா காதுகொடுத்துக் கேட்கிறார் என்று நடத்துபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மனிதருக்குப் பக்கத்தில் சாப்பாட்டு மேஜையில் அப்பாவுக்கு ஓர் இடம் போடச் சொல்லுங்கள்.