ஜிகாபிட் ஃபைபர் சும்மா கிடக்க, ஓஎஸ்பிஎஃப் ஏன் ரேடியோ லிங்கையே பிடிக்கிறது?

நீங்கள் கேட்டது: நாகர்கோவில் தலைமை அலுவலகத்துக்கும் மார்த்தாண்டம் கிளைக்கும் நேராக ஒரு ரேடியோ லிங்க், 80 எம்பிபிஎஸ். தக்கலை கிளை வழியாக இரண்டு துண்டு ஜிகாபிட் ஃபைபர். ரூட்டர்கள் தாமே பாதை தேடும் முறையான ஓஎஸ்பிஎஃப் (OSPF) ஓடுகிறது, ஆனாலும் மொத்த டிராஃபிக்கும் ரேடியோவிலேயே போய்த் திணறுகிறது. ரூட்டர் எதைப் பார்த்துப் பாதையை முடிவு செய்கிறது?

ஓஎஸ்பிஎஃப் எந்த லிங்கின் வேகத்தையும் அளந்து பார்ப்பதில்லை. நெரிசல், தாமதம், பாக்கெட் இழப்பு எதுவும் அதன் கணக்கில் வராது. ஒவ்வொரு ரூட்டரும் தன் லிங்குகளையும் அவற்றின் காஸ்ட்டையும் (ஒவ்வொரு லிங்குக்கும் உள்ள 'செலவு' எண்) மற்றவற்றுக்கு அறிவிக்கும். ஒரே ஏரியாவில் (ஓஎஸ்பிஎஃப் வலையின் ஒரு பகுதி) உள்ள எல்லா ரூட்டரிடமும் ஒரே வரைபடம் இருக்கும். அதில் டைக்ஸ்ட்ரா முறையில் (குறைந்த செலவுப் பாதையைக் காணும் கணக்கு) காஸ்ட்டுகளைக் கூட்டிப் பார்த்து, குறைந்த மொத்தம் வரும் வழியை எடுத்துக்கொள்ளும்.

அந்தக் காஸ்ட் எண்ணில்தான் சிக்கல். சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் (சிஸ்கோ ரூட்டர்களின் மென்பொருள்) வழக்கமான கணக்கு, 100 எம்பிபிஎஸ்ஸைப் போர்ட் வேகத்தால் வகுப்பது. ஒன்றுக்குக் கீழே போனால் 1. ஆகவே 100 மெகாபிட்டும் 1, ஜிகாபிட்டும் 1. காற்றில் 80 எம்பிபிஎஸ்தான் போகும் என்பது ரூட்டருக்குத் தெரியாது. ரேடியோவிலிருந்து வரும் கேபிள் ஜிகாபிட் போர்ட்டில் செருகியிருப்பதுதான் தெரியும். நாகர்கோவிலில் 'ஷோ ஐபி ரூட்' கொடுத்தால் மார்த்தாண்டம் லேனுக்கு (கிளையின் உள் நெட்வொர்க்) [110/2] என்று வரும். 110 என்பது ஓஎஸ்பிஎஃப்பின் நம்பக எண். 2 என்பது ரேடியோ 1, அந்த லேன் 1. தக்கலை வழியில் 3 ஆகிறது, அதனால் தோற்கிறது.

'ஆட்டோ-காஸ்ட் ரெஃபரன்ஸ்-பேண்ட்வித் 10000' எல்லா ரூட்டரிலும் போடுங்கள்; கணக்கில் 100 எம்பிபிஎஸ்ஸுக்குப் பதில் 10000 எம்பிபிஎஸ் வரும். ஒன்றில் விட்டால் கணக்கு கோணலாகும். ஆனால் அது மட்டும் போதாது. ஜிகாபிட்டுக்கு 10 ஆகும்போது ரேடியோ போர்ட்டுக்கும் 10தான். ரேடியோ இன்டர்ஃபேஸில் 'ஐபி ஓஎஸ்பிஎஃப் காஸ்ட் 125' என்று கையால் கொடுக்க வேண்டும் (10000 ÷ 80). இதை இரண்டு முனையிலும் செய்யுங்கள். காஸ்ட் வெளியே போகும் போர்ட்டுக்கு மட்டும்தான். நாகர்கோவிலில் மட்டும் மாற்றினால் போவது ஃபைபரில், திரும்புவது ரேடியோவில். நடுவில் ஃபயர்வால் இருந்தால் கனெக்‌ஷன்கள் அறுபடும்.

மாற்றிய பிறகும் பாதை அசையவில்லை என்றால் பழைய ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதி வைத்த பாதை) கிடக்கிறதா பாருங்கள். ரூட்டிங் டேபிளில் ஒரே முகவரித் தொகுதிக்கு இரண்டு வழி போட்டியிட்டால் நம்பக எண் குறைந்ததே ஜெயிக்கும்: ஸ்டாட்டிக் 1, ஓஎஸ்பிஎஃப் 110, ரிப் (இன்னொரு ரூட்டிங் முறை) 120. அதற்கும் மேலே ஒரு விதி: ஒரே முகவரிக்கு /16 ரூட்டும் /24 ரூட்டும் (எண் பெரிதானால் முகவரித் தொகுதி சிறியது) இருந்தால், காஸ்ட் என்னவானாலும் பாக்கெட் /24 வழியே போகும். ஃபைபர் பக்கம் அண்டை ரூட்டர் 'எக்ஸ்ஸ்டார்ட்' நிலையிலேயே (வரைபடப் பரிமாற்றம் தொடங்கும் கட்டம்) நின்றால் முதலில் இரு முனை எம்டியூவையும் (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) ஒப்பிடுங்கள்.

ரேடியோவைக் கழற்ற வேண்டாம், மாற்று வழியாக இருக்கட்டும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழையில் சிக்னல் மங்கினாலும் சிறிய ஹலோ பாக்கெட்டுகள் (அண்டை ரூட்டர் இருப்பதைக் காட்டுபவை) தப்பிவிடும், பெரிய டேட்டா பாக்கெட்டுகள்தான் விழும். லிங்க் நன்றாக இருப்பதாகவே ஓஎஸ்பிஎஃப் நினைக்கும். ஃபைபரில் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரைச் சாதாரண கேபிளோடு இணைக்கும் பெட்டி) இருந்தால், கேபிள் அறுந்தாலும் போர்ட் விளக்கு எரியலாம். அப்போது 40 விநாடி டெட் டைமர் (ஹலோ வராமல் காத்திருக்கும் நேரம்) முடிந்த பிறகே மாறும். ஃபைபர் இரு துண்டிலும் பிஎஃப்டியை (லிங்க் அறுந்ததை வேகமாகக் கண்டுபிடிக்கும் முறை) 300 மில்லிவிநாடி, மூன்று தவறல் என்று வையுங்கள். ஒரு விநாடிக்குள் அறுந்தது தெரிந்துவிடும்.