நியான் டெட்ரா மீனின் முட்டைகள் வெள்ளையாகிப் போகின்றனவா?

வணக்கம். முட்டையிட்ட மறுநாளே எல்லாம் வெளுத்துவிடுகின்றன, ஊற்றுவது போர்வெல் தண்ணீர், விளக்கு நாள் முழுதும் எரிகிறது என்கிறீர்கள். மீன்கள்மேல் குறையில்லை, தண்ணீரும் வெளிச்சமும்தான் காரணம். அமேசான் படுகையின் மென்னீரில் (தாது உப்புகள் குறைந்த தண்ணீர்) பழகிய இனம் இது. போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் உப்பு மிகுந்த கடினநீர்; அதில் முட்டை கருவுறுவதே அரிது.

ஆர்.ஓ. தண்ணீரில் வாதாம் மரத்துச் சருகுகளை ஊறவையுங்கள். தேநீர் நிறம் வந்ததும் சிறு தொட்டியில் ஊற்றுங்கள். பி.எச். (அமிலத்தன்மையின் அளவு) 6-க்குக் கீழே, வெப்பம் 25 டிகிரி. மாலையில் ஜோடியை விட்டால் பெரும்பாலும் விடியலில் முட்டையிடும். உடனே பெற்றோரை எடுத்துவிடுங்கள், தின்றுவிடும். தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். முட்டைக்கு வெளிச்சம் ஆகவே ஆகாது.

சுமார் 24 மணி நேரத்தில் பொரியும். குஞ்சு கண்ணாடியில் மெல்லிய இழையாக ஒட்டிக் கிடக்கும், பதற வேண்டாம். ஐந்தாம் நாளளவில் நீந்தும்போது ஆர்ட்டீமியா (தீனியாகப் போடும் உப்புநீர் இறால் குஞ்சு) அதன் வாய்க்குப் பெரிது. அதனால் இன்ஃபுசோரியா எனும் நுண்ணுயிர்த் தீனியை இன்றே வளர்க்கத் தொடங்குங்கள்.