தேக்காவில் குடியிருக்கலாமா? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், பஃப்ளோ ரோட்டில், தேக்கா சந்தையை ஒட்டிய வீவக (அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் 26 வருடமாக இருக்கிறேன். கார் வைத்துக்கொண்டதே இல்லை, எல்லாம் நடைதான். இங்கே குடிவர நினைப்பவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். வீட்டு விலை ஏறுமா இறங்குமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

செங்காங் தம்பதி: எங்களுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். கார் இல்லாமல் அங்கே சமாளிக்க முடியுமா அக்கா?

பதில்: தாராளமாக. அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருக்கும்போதுதான் கறிவேப்பிலை இல்லை என்று எனக்குத் தெரியும். மின்தூக்கியில் இறங்கி, சந்தையில் ஒரு கொத்து வாங்கிக்கொண்டு, பூக்கடைக்காரம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு மேலே வந்தாலும் பருப்பு குழைந்திருக்காது. இதுதான் இந்த இடம். லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு வடகிழக்குத் தடம் 2003-லும் டௌன்டவுன் தடம் 2015-லும் வந்தன. பூகிஸ் வரை நிதானமாக நடந்தால் கால் மணி நேரம், முஸ்தஃபா கடைக்கு இன்னும் குறைவு. பிள்ளைகளுக்கு நடு இரவில் காய்ச்சல் என்றால் கேகே மருத்துவமனைக்கு நடந்தே போகலாம், என் மகளை அப்படித் தோளில் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். கேகே என்றால் கண்டாங் கெர்பாவ், மலாயில் எருமைத் தொழுவம். இங்கே ஒரு காலத்தில் மாட்டு வியாபாரம்தான். பஃப்ளோ ரோடு, கெர்பாவ் ரோடு, லெம்பு (மலாயில் மாடு) ரோடு என்று தெருப்பெயர்களிலெல்லாம் மாடு நிற்பது அதனால்தான். நம் பெரியவர்கள் இந்தப் பகுதியைச் சுண்ணாம்புக் கம்பம் என்பார்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய சிஓஇ என்ற உரிமைச் சான்றிதழ் மட்டுமே 2023 அக்டோபரில் சின்னக் கார் பிரிவில் 1,06,000 வெள்ளிக்குப் போனது, அதுவும் பத்தே வருடத்துக்கு. அந்தப் பணம் கையில் இருந்தால் எத்தனை டாக்சி பிடிக்கலாம், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒன்று மட்டும், கையெழுத்துப் போடும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு வந்து, ஒரு மணி நேரம் நீங்கள் குடிவரப்போகும் தெருவில் நின்று கூட்டத்தைப் பாருங்கள். முகவர்கள் செவ்வாய்க்கிழமை காலையில்தான் வீட்டைக் காட்டுவார்கள்.

சென்னையிலிருந்து வேலைக்கு வந்தவர்: மூன்று மாதத்துக்கு மட்டும் வீவக வீட்டில் ஓர் அறை கிடைக்குமா?

பதில்: கிடையாது. வீவக வீட்டில் குறைந்தது ஆறு மாதம், தனியார் வீடு என்றால் மூன்று மாதம். அதற்குக் கீழே தருகிறேன் என்று யாராவது சொன்னால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஈசூன் வாசகர்: நான் இந்தியர் என்பதால் தேக்காவில் மறுவிற்பனை வீடு வாங்க முடியாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. 1989 முதல் வீவக குடியிருப்புகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருக்கிறது. இந்தியரும் இதர இனத்தவரும் சேர்ந்து வட்டாரத்தில் 12 விழுக்காடு, ஒரு புளோக்கில் 15 விழுக்காடு வரைதான். அந்த அளவு நிரம்பிய புளோக்கில் நீங்கள் வாங்க வேண்டுமானால், விற்பவரும் இந்தியராகவோ இதர இனத்தவராகவோ இருக்க வேண்டும், சீனரோ மலாய்க்காரரோ உங்களுக்கு விற்க முடியாது. நிலவரம் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மாறும். வீவக இணையத்தளத்தில் புளோக் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் வீட்டைப் பார்க்கப் போங்கள். ஆசையாகப் பார்த்துவிட்டுப் பிறகு அழுதவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று குடும்பம்.

இன்னொன்று, எங்கள் புளோக்குகளின் 99 வருடக் குத்தகையில் 40-க்கும் மேல் கழிந்துவிட்டது. வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயதாகும் வரை குத்தகை மீதம் இல்லையென்றால், மத்திய சேம நிதியில் உள்ள உங்கள் சேமிப்பை வீடு வாங்க முழு அளவுக்கு எடுக்க முடியாது. இளம் தம்பதிகள் இதைக் கவனிப்பதே இல்லை. ஞாயிறு மாலை வந்து பார்ப்பதையும் மறக்க வேண்டாம்.

தெம்பனிஸ் வாசகி: சத்தம் எப்படி?

பதில்: இருக்கும். விடிவதற்கு முன்பே சந்தைக்கு லாரிகள் வரும், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நள்ளிரவு வரை கூட்டம். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் புறப்பட்டுத் தேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குப் போகும், அன்று தூங்க நினைக்காதீர்கள், இறங்கி வந்து பாருங்கள். லேசான தூக்கம் உள்ளவர்கள் உயர்ந்த மாடியாகப் பாருங்கள். கீழ் மாடிகளில் மீன் வாடையும் ஏறும்.

உட்லண்ட்ஸ் வாசகர்: கார் நிறுத்த இடம் கிடைக்குமா?

பதில்: வார நாளில் கிடைக்கும். வார இறுதியில் தேக்கா சென்டர் கார் நிறுத்தத்துக்கு வரிசை ரோடு வரை நிற்கும்.

பெயர் சொல்லாத தாய்: ஞாயிறுகளில் அவ்வளவு ஆண்கள். மகள் தனியாக நடந்து வர முடியுமா?

பதில்: என் மகள் இதே தெருக்களில் நடந்துதான் வளர்ந்தாள், ஒரு நாளும் பயந்து வந்ததில்லை. அந்த ஆண்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்கள், ஆறு நாள் கட்டுமானத் தளத்தில் உழைத்துவிட்டு, ஊருக்குப் பணம் அனுப்பவும் நண்பர்களைப் பார்க்கவும் வருகிறார்கள். 2013 டிசம்பர் 8 ரேஸ் கோர்ஸ் ரோட்டுக் கலவரத்துக்குப் பிறகு நிறைய மாறியது. 2015 சட்டப்படி இங்கே சனி காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது குடிக்கக் கூடாது. கூட்டம் உங்களுக்கு ஒத்துவராது என்றால் அது வேறு விஷயம், வராதீர்கள். அவர்களைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை.

பொங்கோல் வாசகர்: கார் பார்க்கிங் எப்படி?

பதில்: இரண்டு கேள்விக்கு மேலே இருக்கிறது.

காலாங் வாசகி: அம்மாவுக்குச் சக்கர நாற்காலி. அங்கே நடமாட முடியுமா?

பதில்: என் அம்மாவும் சக்கர நாற்காலிதான், அதனால் வயிறெரிந்து சொல்கிறேன். எம்ஆர்டி, சந்தை, புளோக் எல்லாம் சரி. சங்கடம் கடைவீடுகளின் அஞ்சடியில்தான், அதாவது கடை முகப்பில் இருக்கும் ஐந்தடி நடைவழியில். மழையும் வெயிலும் படாமல் தெருக்கோடி வரை போகலாம் என்றுதானே அதைக் கட்டினார்கள்? 1822-லேயே ராஃபிள்ஸ் எழுதிவைத்த விதி, வீட்டு முகப்புகளில் கூரையுள்ள தொடர்ந்த நடைவழி எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று. இப்போது வெங்காய மூட்டை, வாழைத்தார், பெட்டிகள். நாற்காலியைத் தூக்கி ரோட்டில் இறக்க வேண்டியிருக்கிறது, பின்னால் வேன் ஹாரன் அடிக்கிறான்.

மளிகைக்கடைக்காரர் ஒருவர்: அக்கா, வாடகை என்ன தெரியுமா? சரக்கு வெளியே தெரியாவிட்டால் யார் உள்ளே வருவார்? தெருவுக்கு அழகே அந்த மூட்டைகள்தான், சுற்றுப்பயணிகள் அதைத்தான் படம் எடுக்கிறார்கள்.

பதில்: தம்பி, எனக்கும் அது அழகுதான், அந்த மணம் இல்லாவிட்டால் நான் இங்கே இருந்திருக்க மாட்டேன். ஆனால் ஐந்தடியில் நான்கடி உங்களுக்கு என்றால் அம்மாவுக்கு எது?

ரோவெல் ரோடு வாசகர்: கடைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இது அந்தக் காலத்திலிருந்தே வழக்கம்தானே?

பதில்: ஆமாம், சண்டையும் அந்தக் காலத்துச் சண்டைதான். 1888 பிப்ரவரியில் நகராட்சி அஞ்சடிகளைக் காலிசெய்யக் கிளம்பியது, கடைக்காரர்கள் கடையடைத்தார்கள், அது கலவரமாகி மூன்று நாள் ஊர் அமளிப்பட்டது. அன்றைய நகராட்சித் தலைவர்தான் உங்கள் தெருப்பெயரில் இருக்கும் ரோவெல். கடைசியில் ஆள் நடக்க இடம் விட்டால் போதும் என்று நகராட்சிக்காரர்கள் இறங்கி வந்தார்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன். ஒரு சக்கர நாற்காலி உரசாமல் போகும் அகலம்.

ஜூரோங் வாசகர்: நடுவில் கேட்கிறேன், பார்க்கிங்...

பதில்: மேலே பாருங்கள் ஐயா.

மளிகைக்கடைக்காரர்: சரி அக்கா. வாழைத்தாரையும் இரண்டு கூடையையும் உள்ளே எடுத்துவிடுகிறேன். உருளைக்கிழங்கு மூட்டை மட்டும் தூணோரம் இருக்கட்டும்.

பதில்: தூணோரம் இருக்கட்டும் தம்பி, ஆட்சேபம் இல்லை. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அம்மாவை அந்த வழியாகத்தான் கூட்டிவருவேன். முருங்கைக்காய் நல்லதாக அரை கிலோ எடுத்து வையுங்கள்.