ஹேகன்ல இருந்து மலைக்குள்ள போற சின்ன ப்ளேன் பத்தி கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, நீ கேட்டத வாசிச்சேன். வீட்டுக்காரருக்கு பாப்புவா நியூ கினியில ஒரு மிஷன் ஸ்கூல்ல வேலை, உனக்கு அங்கேயே ஹெல்த் சென்டர்ல நர்ஸ் வேலை, ரோடே கிடையாது, ஒத்தை இன்ஜின் ப்ளேன் ஒண்ணுதான் வழி, மூணு வயசுப் பையன வச்சுக்கிட்டு அதுல ஏறலாமா, அவசரத்துக்கு வெளிய வர முடியுமான்னு கேட்டிருக்க. நான் நாகர்கோவில்காரி, நானும் நர்ஸ்தான். 2006ல வந்தேன், ஓக்சாப்மின் பக்கத்துல மலைக்குள்ள நாலு வருஷம் இருந்துட்டு இப்ப மவுண்ட் ஹேகன் டவுன்ல இருக்கேன்.

ஏறலாம். தாராளமா ஏறலாம். ஆனா ப்ளேன் வராத நாள எப்படி எடுத்துக்கணும்னு நீ வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கணும், அத எனக்கு யாரும் சொல்லித் தரல, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

முதல்ல இடத்தப் புரிஞ்சுக்கோ. இந்த நாட்டுத் தலைநகரம் போர்ட் மோர்ஸ்பி, அங்க இருந்து ஹேகனுக்கே ரோடு கிடையாது. கடலோரத்துல லேயில இருந்து ஒரு ஹைவே கோரோகா வழியா ஹேகனுக்கு ஏறி வருது, அத விட்டு மேற்கால உள்ள போனா மலையும் பள்ளத்தாக்கும்தான். 800க்கு மேல மொழி பேசுற நாடு, அடுத்த பள்ளத்தாக்குக்குப் போனா வேற பாஷை. எல்லாருக்கும் பொதுவான டோக் பிசின்ல ப்ளேனுக்கு பாலுஸ்னு பேரு, புறாவுக்கும் அதே பேருதான். ரன்வேக்கு ப்ளேஸ் பாலுஸ். அரிசி, உப்பு, சோப்பு, ஸ்கூல் நோட்டு, தடுப்பூசிப் பெட்டி, கூரைத் தகரம் எல்லாம் பாலுஸ்லதான் வரும், ஊர்க்காரங்களோட காப்பிக்கொட்டை மூட்டையும் அதுலதான் வெளிய போகும். கிலோவுக்கு இவ்வளவுன்னு ஏத்துகூலி, அதனால ஹேகன் விலைக்கு உள்ள எதுவும் கிடைக்காது, அதுக்குத் தகுந்த மாதிரி பணம் எடுத்து வச்சுக்கோ.

ஓட்டுறது யாருன்னு கேட்டிருந்த. எம்ஏஎஃப்னு சொல்ற மிஷன் ஏவியேஷன் ஃபெல்லோஷிப், ஹேகன்லதான் அவங்க பேஸ். அவங்க மட்டும் இல்ல, கோரோகாவுல அட்வென்டிஸ்ட் சபைக்காரங்க பறக்குறாங்க, ஐயூராவுல பைபிள் மொழிபெயர்ப்புக்காரங்களோட ப்ளேன் இருக்கு. எம்ஏஎஃப் இங்க ஆரம்பிச்சது 1951ல. ஹாரி ஹார்ட்விக்னு ஒரு ஆஸ்திரேலியர், குட்டி ஆஸ்டர் ப்ளேன்ல வந்தார், அதே வருஷம் ஆகஸ்ட்ல மலையில மோதி செத்துப்போனார். அதுக்கப்புறமும் ஆள் வந்துக்கிட்டேதான் இருந்தாங்க. ஆபத்தே இல்லன்னு உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்மா, ஆபத்து எங்க இருக்குன்னு அந்த பைலட்டுங்களுக்கு நல்லாத் தெரியும், நீ நம்ப வேண்டியது அதைத்தான்.

இப்ப எங்க ஸ்ட்ரிப், அதாவது ப்ளேன் இறங்குற புல்தரை, எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன். கடல்மட்டத்துல இருந்து ஆறாயிரம் அடிக்கு மேல, ஒரு மலைத்தோள்ல புல்ல வெட்டி, ஊர்க்காரங்க மண்வெட்டியாலயும் கையாலயும் சமன் பண்ணினது. சமன்னு சொன்னாலும் தட்டையா இருக்காது, நம்ம ஊர் வீட்டுக்கூரை மாதிரி சாஞ்சுதான் இருக்கும். கீழ் முனையில பாதாளம், மேல் முனையில நேரா மலை. ப்ளேன் கீழ இருந்து ஏத்தத்துல இறங்கும், ஏத்தமே பிரேக் மாதிரி பிடிச்சு நிறுத்தும், போகும்போது இறக்கத்துல ஓடி பள்ளத்துக்கு மேல எழும்பும். உயரத்துல காத்து லேசா இருக்குறதால எழும்ப ஓட்டம் ஜாஸ்தி வேணும், அதுக்கு இந்த இறக்கம்தான் உதவி. ஆனா இறங்க வரும்போது ஒரு இடத்துக்கு மேல உள்ள வந்துட்டா திரும்ப முடியாது, முன்னாடி மலை, இறங்கியே ஆகணும். அதனால அந்த இடத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே பைலட் முடிவு பண்ணிடுவார். பெரிய பைலட் ஒருத்தர் கூட வந்து பார்த்து சரின்னு சொன்னாத்தான் ஒவ்வொரு ஸ்ட்ரிப்புக்கும் தனியா இறங்க விடுவாங்க, பத்து ஸ்ட்ரிப்புக்குப் போறவருக்கும் பதினொண்ணாவது ஸ்ட்ரிப் புதுசுதான்.

காலையில வானம் கண்ணாடி மாதிரி இருக்கும். பத்து பதினொரு மணிக்கெல்லாம் பள்ளத்தாக்குல இருந்து மேகம் ஏற ஆரம்பிக்கும், மத்தியானத்துக்கு மேல மலை தெரியாது, அப்புறம் மழை. மழை பெஞ்சா புல் வழுக்கும், மண்ணு இளகும், டயர் புதையும். காலையில ரேடியோவுல கேப்பாங்க, எதிர் மலை தெரியுதா, மேகம் எவ்வளவு கீழ இருக்கு, காத்து எந்தப் பக்கம், ஸ்ட்ரிப் ஈரமான்னு. எங்க ஊர்ல அதப் பாக்குற பெரியவர் செருப்பில்லாம மேல இருந்து கீழ வரைக்கும் நடந்து, குதிகாலால மண்ண அழுத்திப் பாத்துட்டு வந்துதான் பதில் சொல்லுவார். பாதி வழியிலயே திரும்பி வந்து சொன்னத நான் ஒரு நாளும் பாத்ததில்ல.

இப்ப நான் சொல்ல வந்தது. ரெண்டாவது வருஷம், ஒரு தலைச்சன் பிரசவம், ஒரு நாள் நடை தூரத்துல இருந்து கம்புல போர்வையக் கட்டித் தூக்கிட்டு வந்தாங்க. ராத்திரி முழுக்க வலி, விடியும்போதே எனக்கு சந்தேகம், ஆனாலும் கொஞ்ச நேரம் பாப்போம், தானா ஆயிடும்னு இருந்துட்டேன். மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் ரேடியோவுல கூப்பிட்டேன். மலை தெரியுதான்னு கேட்டாங்க, பாதிதான் தெரிஞ்சுது, நான் தெரியுதுன்னு சொன்னேன். ப்ளேன் வந்துச்சு. மேகத்துக்கு மேல சத்தம் கேக்குது, சுத்துது, அந்தப் பொண்ணோட அம்மா பிலும் பையத் தலையில மாட்டிக்கிட்டு வாய் திறந்தபடி மேலயே பாத்துக்கிட்டு நிக்குறாங்க. மூணு சுத்து. அப்புறம் சத்தம் தேஞ்சு தேஞ்சு போயிடுச்சு. எனக்கு வந்த கோவத்துல ரேடியோவ எடுத்து அந்த பைலட்ட என்னவெல்லாமோ சொல்லிட்டேன்.

ராத்திரி குழந்தை போயிடுச்சு. தாய மட்டும் டிரிப் ஏத்தி ஏத்திப் பிடிச்சு வச்சிருந்தேன். காலையில ஆறே முக்காலுக்கு அவரே வந்து இறங்கினார். பேச்சே இல்ல, பின்னாடி சீட்டக் கழட்டி வெளிய வச்சார், ஸ்ட்ரெச்சர தரையில பெல்ட் போட்டு இறுக்கினார், முடிச்ச ரெண்டு தடவை இழுத்துப் பாத்தார். அப்புறம்தான் என்கிட்ட வந்து சொன்னார், நேத்து எனக்கு ஸ்ட்ரிப்போட மேல் முனை தெரிஞ்சுது சிஸ்டர், கீழ் முனை தெரியலன்னு. அவ்வளவுதான் சொன்னார். டபுபில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க, அவ பொழச்சா.

அந்தக் குழந்தைய நான் மறக்கல தங்கச்சி. அவர் திரும்பிப் போனது சரி, தப்பு காலையில வாயத் திறக்காத என்னோடது, மலை தெரியுதுன்னு சொன்ன என்னோடது. அதனால உனக்குச் சொல்றேன், பிரசவ கேஸ் விடியற்காலையிலயே சந்தேகமா இருந்தா அப்பவே கூப்பிடு, வேண்டாம்னு ஆச்சுன்னா பிறகு சொல்லிக்கலாம், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. பிபி, பல்ஸ், எத்தனை மணி நேரமா வலி, எல்லாத்தையும் எழுதி வச்சுக்கிட்டுப் பேசு. மேகத்தப் பத்திக் கேட்டா கண்ணுக்குத் தெரியுறத மட்டும் சொல்லு. உன் அழுகையக் கேட்டு ஒரு பைலட் திரும்ப முடியாத அந்த இடத்தத் தாண்டி உள்ள வந்துட்டா, அவரும் அவர் பின்னாடி உக்காந்திருக்குறவங்களும் போயிடுவாங்க. ரேடியோவுல கெஞ்சாத.

மத்ததெல்லாம் சின்ன விஷயம். ஏறுறதுக்கு முன்னாடி உன்னையும் சேத்து தராசுல நிறுத்துவாங்க, பையனையும், கைப்பையையும், கூச்சப்படாத. உள்ள போறது பெரும்பாலும் செஸ்னா கேரவன், வயித்துக்கு அடியில சாமான் வைக்க ஒரு பெட்டி இருக்கும். சத்தம் ஜாஸ்தி, பையனுக்குக் காத மூட ஏதாவது கொண்டு வா, காலையில வயிறு நிறைய பால் குடுத்து ஏத்தாத, பள்ளத்தாக்குக் காத்துல குலுக்கும், வாந்தி எடுத்துடுவான். இறங்கினதும் கையப் பிடிச்சுக்கிட்டு பைலட் காட்டுற பக்கமா மட்டும் நட, முன்னாடி ப்ரொப்பெல்லர் பக்கம் எந்தக் காரணத்துக்கும் போகவே கூடாது, நின்னிருந்தாலும் கூடாது.

சாப்பாட்டுக்குப் பயப்படாத. கௌகௌன்னு சக்கரவள்ளிக் கிழங்கு வருஷம் பூரா கிடைக்கும், பூசணிக்கொழுந்து கிடைக்கும், அத நம்ம கீரை மாதிரி கடையலாம். தேங்காய் அந்த உயரத்துல காய்க்காது, நாகர்கோவில்காரிக்கு அதுதான் பெரிய கஷ்டமா இருந்துச்சு. மிளகாய்ப்பொடி, சாம்பார்பொடி பாக்கெட் பிரிக்காம கொண்டு வா, விதை மட்டும் எதுவும் வேண்டாம், ஏர்போர்ட்ல எடுத்துடுவாங்க.

டிக்கெட் போடும்போது ஹேகன்ல மூணு நாலு நாள் கூடுதலா வச்சுக்கோ, மேகத்துக்கு நாம தேதி சொல்ல முடியாது. அதுவரைக்கும் எங்க வீட்லயே இருக்கலாம். அரிசி, பால்பவுடர், சோப்பு எல்லாம் இங்க வாங்கி மூட்டை கட்டி வைக்கிறேன், ஊர்ல இருந்து சுமந்துக்கிட்டு வராத. பையன் எத்தனை கிலோன்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிடு.