"அடுத்த வருஷம் ஆடலாமா, கோச்?"

கேள்வி: ரக்பி லீக் என்பதும் நம் பள்ளிப் பிள்ளைகள் ஆடும் ரக்பியும் ஒன்றா?
- வாசகர், தோ பாயோ

பதில்: வேறு. இங்கே பிள்ளைகள் ஆடுவது ரக்பி யூனியன். முழு ஆட்டத்தில் ஓர் அணிக்கு 15 பேர். லீக்கில் 13 பேர். லீக்கில் பந்து வைத்திருக்கும் அணியை ஆறு முறை மடக்கிவிட்டால் பந்து எதிரணிக்கு. 1895இல் வட இங்கிலாந்து கிளப்புகள் யூனியனிலிருந்து பிரிந்துபோய் உருவாக்கியதுதான் லீக். வேலையை விட்டு ஆடவரும் சுரங்க, ஆலைத் தொழிலாளிக்கு இழந்த கூலியைத் தரலாமா என்பதுதான் சண்டை. தரவேண்டும் என்றவர்கள் பக்கமே என் மனம்.

கேள்வி: ரக்பி லீக்கிலும் ஆஷஸ் உண்டு, 2020இல் கொவிட்டால் ரத்தானது என்று நண்பர் சொன்னார். உலகக் கோப்பையோ தள்ளிப்போய் நடந்ததாம். ரத்து, தள்ளிவைப்பு எல்லாம் ஒன்றுதானே?
- வாசகர், ஈசூன்

பதில்: ஒன்றல்ல ஐயா. ஆஷஸ் என்பது 1908 முதல் பிரிட்டிஷ் அணியும் ஆஸ்திரேலியாவும் மோதிவந்த ரக்பி லீக் தொடர். 2003க்கு அப்புறம் நின்றேபோனது. 17 ஆண்டு கழித்து, 2020 இறுதியில் இங்கிலாந்தில் மூன்று டெஸ்ட் என்று அறிவித்தார்கள். அந்த மார்ச்சில் ஆஸ்திரேலியா தன் மக்கள் வெளிநாடு போகவே தடைபோட்டது. திரும்பி வந்தால் ஹோட்டலில் 14 நாள் தனிமை. அவர்களுடைய முதல்நிலை கிளப் போட்டியான என்ஆர்எல்லும் இரண்டு மாதம் நின்று, இறுதியாட்டம் அக்டோபர் 25வரை இழுத்தது. தொடர் ரத்து. மறுபடி ஆஷஸ் நடந்தது 2025இல்தான். 2020இல் 30 வயதில் உச்சத்தில் இருந்தவருக்கு அப்போது 35.

உலகக் கோப்பை கதை வேறு. 2021 ஜூலை 22 அன்று ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் கொவிட்டைக் காரணம் காட்டி விலகின. இரண்டு அணிதானே என்று விட முடியாது. சமோவா, தோங்கா அணிகளின் வீரர்கள் பலருக்கும் என்ஆர்எல்தான் பிழைப்பு. ஆகவே ஓராண்டு தள்ளிவைத்தார்கள். 2022 அக்டோபர் 15, முதல் ஆட்டம்: சமோவாவை இங்கிலாந்து 60-6 என்று நொறுக்கியது. சரியாக நான்கு வாரத்தில், அரையிறுதியில் அதே இங்கிலாந்தை சமோவா 27-26 என்று வென்றது! கூடுதல் நேரத்தில் ஸ்டீபன் கிரைட்டன் அடித்த டிராப் கோல், அதாவது பந்தைத் தரையில் விட்டு எகிறும்போது கம்பங்களுக்கு நடுவே உதைப்பது. இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றார்கள். இருந்தாலும் அந்தச் சின்னத் தீவு நாடு அந்த மேடைவரை வந்தது அதுவே முதல்முறை. ரத்தாகியிருந்தால் இது ஏது?

எனக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. நான் ஒரு பள்ளியில் ரக்பி பயிற்சி தருகிறேன். 2020 பிப்ரவரி 7இல் சிங்கப்பூரின் நோய்ப்பரவல் எச்சரிக்கை நிலையை டோர்ஸ்கான் ஆரஞ்சு என்று உயர்த்தியதும் பள்ளிகளுக்கு இடையிலான ஆட்டங்களை நிறுத்திவைத்தார்கள். எங்கள் அணித்தலைவன் உயர்நிலை நான்கு. "நிறுத்திவைப்புதானே கோச்" என்று மாலைதோறும் தன் புளோக்கில் 12 மாடி ஏறி இறங்கினான், பத்துத் தடவை. நேரத்தை எழுதி எனக்குக் குறுஞ்செய்தி அனுப்புவான். நாளுக்கு நாள் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தான். சர்க்கிட் பிரேக்கர் என்ற முடக்கநிலை வந்தபோதும் விடவில்லை. மின்தூக்கிக்காகக் காத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டி எண்ணிக்கை வைத்துக்கொள்வார் என்று எழுதியிருந்தான்.

பின்னர் அவ்வாண்டின் தேசியப் பள்ளி விளையாட்டுகள் ரத்து என்று வந்தது. தொலைபேசியில் நானே சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அடுத்த வருஷம் ஆடலாமா, கோச்?" என்றான். அடுத்த வருஷம் அவன் பள்ளியிலேயே இருக்கமாட்டான் என்பது அவனுக்கும் தெரியும்.

அன்று மாலை குறுஞ்செய்தி வரவில்லை.