எட்டு மணி பாஸ்

(வாசகர் கேள்வி – பதில்)

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே, 2006 முதல் 2010 வரை ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற இணைய விளையாட்டை ஆடியவன் நான் என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அரசியலுக்கும் சினிமாவுக்கும் வராத கடிதங்கள் அதற்கு வந்துவிட்டன. பாதி திட்டு. சரி, இந்த முறை முழுக்க அதுவே. மற்ற கேள்விகளுக்கு அடுத்த இதழ்.

அது என்ன விளையாட்டு? அதில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? — பள்ளி ஆசிரியர், காரைக்குடி

ஒரு பெரிய கற்பனை நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2004 நவம்பரில் திறந்தார்கள். மாதச் சந்தா 15 டாலர். நீங்கள் தூங்கும்போதும் அங்கே ஆட்கள் நடமாடிக்கொண்டிருப்பார்கள். நான் அதில் பூசாரி மாதிரி ஒரு ஆள், ‘பிரீஸ்ட்’ என்பார்கள். அடிபட்டவர்களைக் குணமாக்குவது என் வேலை. பெயர் குப்புசாமி, என் தாத்தாவுடையது. ஹெட்செட் வழியே, என்னோடு ஆடிய அமெரிக்கர்கள் வாயில் அது ‘கப்’ ஆகிவிட்டது.

அப்போது பெருங்குடியில் ஒரு பிபிஓ-வில் அமெரிக்க ஷிப்ட். கம்பெனி வண்டி நாலேகாலுக்கு வேளச்சேரியில் இறக்கிவிடும். அவர்கள் ஊர் இரவு எட்டு மணிக்கு ரெய்டு, நம் ஊரில் விடியற்காலை ஐந்தரை. நாங்கள் 25 பேர் சேர்ந்து ஒரு ராட்சதனை அடிப்பதுதான் ரெய்டு. அந்த ராட்சதனுக்குப் பெயர் ‘பாஸ்’. பி.எஸ்.என்.எல்.லில் அப்போது இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்குப் பார்க்காமல் ஓடும் ஒரு திட்டம் இருந்தது. எட்டு அடித்ததும் என் அப்பா டீ டம்ளரோடு வந்து மோடத்தின் சுவிட்சை அணைத்துவிடுவார். அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். நேரம் என்றால் நேரம். சண்டை உச்சத்தில் இருக்கும்போது கப் திடீரென்று காணாமல் போவான். முதலில் கோபப்பட்டார்கள். அப்புறம் விஷயம் தெரிந்து அப்பாவுக்கு ‘எட்டு மணி பாஸ்’ என்று பெயர் வைத்தார்கள். மலை மலையாக அசுரர்களைச் சாய்த்த கூட்டத்துக்கு, வேளச்சேரியில் லுங்கி கட்டிய ஒரு மனிதரை மட்டும் ஜெயிக்க முடியவில்லை.

கேமில் சம்பாதிக்கும் காசு நிஜக் காசா? — பி.காம். மாணவர், சிவகாசி

வாங்க ஆள் இருக்கிறவரை நிஜம்தான். எட்வர்ட் காஸ்ட்ரோனோவா என்ற பொருளாதாரப் பேராசிரியர் 2001-இல் ‘எவர்குவெஸ்ட்’ என்ற விளையாட்டை எடுத்துக்கொண்டார். அதில் உள்ள நாட்டின் பெயர் நார்ராத். அங்கே கிடைக்கும் வாளையும் கவசத்தையும் ஆட்கள் இணைய ஏலத்தில் டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த விலைகளை வைத்து அவர் நார்ராத்தில் ஆளுக்கு எவ்வளவு உற்பத்தி என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் நடுவில் வந்து நின்றது. அங்கே ஒரு மணி நேர உழைப்பு 3.42 டாலர்.

என் சம்பளம் 2006-இல் 11,000 ரூபாய். மணிக்கு ஐம்பது ரூபாய் தேறும், அதாவது ஒரு டாலர் சொச்சம். இல்லாத நாட்டில் இருக்கும் ஒருவன் என்னைவிட மூன்று மடங்கு வாங்கியிருக்கிறான்.

சிரித்துவிட்டு விட்டுவிடலாம் என்றால், வெனிசுவேலா இருக்கிறது. பணவீக்கத்தில் அந்த நாட்டுப் பணம் காகிதமாகிப் போன வருடங்களில், அங்கே பலர் ‘ரூன்ஸ்கேப்’ விளையாட்டில் பச்சை டிராகன்களைக் கொன்று, கிடைத்த தங்கத்தை டாலருக்கு விற்று அரிசி பருப்பு வாங்கினார்கள். வசதியான நாடுகளில் இருந்து ஆடியவர்களில் சிலர், அந்த வெனிசுவேலாக்காரர்களைத் தேடிப்பிடித்துக் கொல்வது எப்படி என்று குறிப்பு எழுதி வெளியிட்டார்கள். ஒரே களம். ஒருவனுக்குப் பொழுதுபோக்கு, இன்னொருவனுக்கு ராத்திரிச் சாப்பாடு.

பிளஸ் ஒன் படிக்கும் என் மகனின் பிஜிஎம்ஐ (மொபைல் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு) ஐ.டி.யை யாரோ திருடிவிட்டார்கள். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. இல்லாத சட்டைக்கும் இல்லாத துப்பாக்கிக்கும் இப்படியா அழுவான்? — ஒரு அம்மா, நாமக்கல்

சாப்பிட வையுங்கள் அம்மா. ஆனால் அழுவதைக் கேலி செய்யாதீர்கள்.

நெதர்லாந்தில் 2007-இல் ஒரு 13 வயதுப் பையனை இரண்டு பையன்கள் அடித்து, கத்தியைக் காட்டி மிரட்டி, ரூன்ஸ்கேப்பில் அவனிடம் இருந்த ஒரு தாயத்தையும் முகமூடியையும் பறித்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, அவன் பாத்திரத்தின் கையிலிருந்து கீழே போட வைத்து எடுத்துக்கொண்டார்கள். வழக்கு அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது. இது பொருளே இல்லை, வெறும் தகவல், இதைத் திருட்டு என்று எப்படிச் சொல்வது என்பது எதிர்த்தரப்பு வாதம். 2012 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அதைச் சேர்க்கப் பையன் செலவிட்ட நேரமும் உழைப்பும் அதற்கு மதிப்பைத் தருகின்றன, அது அவன் கையில் இருந்தது, அவனிடமிருந்து எடுக்கப்பட்டது, ஆகவே திருட்டு என்றது நீதிமன்றம்.

உங்கள் மகனிடம் ஐ.டி. எப்படிப் போனது என்று நிதானமாகக் கேளுங்கள். ‘இலவச யு.சி. (அந்த விளையாட்டுக்குள் செல்லும் காசு) தருகிறோம்’ என்று வந்த லிங்க்கைத் தொட்டிருப்பான் என்பது என் ஊகம். அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுத்தான் பாதி அழுகை இருக்கும். உங்கள் ஏ.டி.எம். கார்டு எண் அந்தக் கணக்கில் பதிந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

கேமுக்குள் கொள்ளைநோய் பரவியதாகவும் டாக்டர்கள் அதை ஆராய்ந்ததாகவும் யூடியூபில் பார்த்தேன். உண்மையா? — நர்சிங் மாணவி, பாளையங்கோட்டை

உண்மை. நான் சேர்வதற்கு முந்தைய வருடம், 2005 செப்டம்பரில் நடந்தது. எங்கள் கில்டில் (அதாவது கூட்டத்தில்) இருந்த பழைய ஆட்கள் அதைப் புயல் கதை சொல்வது போலச் சொல்வார்கள்.

ஜுல்குரூப் என்ற காட்டுக் கோட்டையில் ஹக்கார் என்று ஒரு ரத்தக் கடவுள். அவன் தன்னை அடிப்பவர்கள் மேல் ‘கெட்ட ரத்தம்’ ஒன்றை ஏவுவான். பக்கத்தில் நிற்பவருக்குத் தொற்றும். அந்தக் கோட்டைக்குள்ளேயே முடிந்துவிட வேண்டிய சங்கதி அது. ஆனால் வேட்டைக்காரர்களாக ஆடுகிறவர்கள் வளர்க்கும் பிராணிகளைக் கம்பெனிக்காரர்கள் மறந்துவிட்டார்கள். நோய் பிடித்த புலியைச் சண்டையின் பாதியில் மறைய வைத்து, பிறகு தலைநகரில் மறுபடி வரவழைத்தால், அது நோயோடு வந்து நின்றது. பலசாலிகள் தாங்கினார்கள். புதிதாக வந்தவர்கள் நின்ற இடத்தில் செத்தார்கள். கம்ப்யூட்டரே இயக்கும் கடைக்காரப் பொம்மைகளுக்கு நோய் வந்தது, அறிகுறி இல்லை. அவர்களிடம் சாமான் வாங்க வந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போனார்கள். தெருவெல்லாம் எலும்புக்கூடு. கடைசியில் கம்பெனி சர்வர்களையே அணைத்து மறுபடி ஓட்டித்தான் அடக்கியது.

எரிக் லோஃப்கிரென், நீனா ஃபெஃபர்மேன் என்ற இருவர் இதைப் பற்றி 2007-இல் ‘லான்செட்’ குழுமத்தின் தொற்றுநோய் இதழில் எழுதினார்கள். நோயைவிட ஆட்கள் நடந்துகொண்ட விதம்தான் விசேஷம். என்னைப் போன்ற பிரீஸ்டுகள் சிலர் தாமாகவே வந்து வைத்தியம் பார்த்தார்கள். சிலர் காட்டுக்கு ஓடினார்கள். சிலர் வேண்டுமென்றே கூட்டத்துக்குள் போய் நின்றார்கள். இன்னும் சிலர் என்னதான் நடக்கிறது என்று எட்டிப் பார்க்க ஊருக்குள் வந்து, நோயோடு வெளியே போனார்கள். அந்தக் கடைசி ரகத்தை நோய்ப்பரவல் கணக்குப் போடுகிறவர்கள் சரியாக நினைத்துப் பார்த்ததில்லை.

2020 ஏப்ரலில் ஊரடங்கு சமயம், மாத்திரை வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, வெறிச்சோடிய அண்ணா சாலை எப்படி இருக்கும் என்று பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் நான். என்னை மாதிரி இன்னும் பத்துப் பேர் ஆங்காங்கே நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து மாவட்டம் மாவட்டமாக நோய் போனபோது எனக்கு ஜுல்குரூப் புலி ஞாபகம் வந்தது.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஆடினால் நோய்? — பெயர் வேண்டாம், திருப்பூர்

மணிக்கணக்கு கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 ஜனவரியிலிருந்து இது இருக்கிறது. நிறுத்த நினைத்தும் முடியாமல், வேலை, படிப்பு, குடும்பம் எல்லாம் கெட்டும் தொடர்ந்து ஆடுவது, அதுவும் பொதுவாக ஒரு வருட அளவுக்கு நீடிப்பது என்று சொல்கிறார்கள். பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், அவர் உங்கள் பெயரை இதழில் போட மாட்டார்.

முகம் தெரியாத, ஊர் தெரியாத ஆட்களோடு என்ன நட்பு ஐயா? ரயில் சிநேகம்கூட இதைவிட மேல். — ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கும்பகோணம்

நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்று ஒரு இளைஞர். தசைகள் சிதையும் நோயால் சக்கர நாற்காலியில் இருந்தவர். நான் ஆடிய அதே விளையாட்டில் ‘இபெலின்’ என்ற பெயரில் இருந்தார். 2014-இல், 25 வயதில் இறந்தார். மகன் ஒரு நட்புகூட இல்லாமல் தனியாகவே வாழ்ந்து முடித்துவிட்டான் என்றுதான் பெற்றோர் நினைத்தார்கள். மரணச் செய்தியை அவருடைய வலைப்பூவில் போட்டதும், அவர்கள் கேள்விப்பட்டே இராத ஆட்களிடமிருந்து மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. வேறு நாடுகளிலிருந்து சிலர் இறுதிச் சடங்குக்கே வந்து நின்றார்கள்.

என் கதை அவ்வளவு பெரியதில்லை. எங்கள் கூட்டத்தில் முன்னே நின்று அடி வாங்கும் ‘டேங்க்’, ஒஹையோவில் இருந்த ஒரு பெண்மணி. வயது அறுபதுக்கு மேல். அவர் கரடி வடிவில் இருப்பார். வைத்தியம் பார்ப்பவனுக்கு ராட்சதன் எல்லாம் கண்ணில் படாது. திரையின் ஓரத்தில் ஒரு பச்சைக் கட்டம், அவருடைய உயிர். அது குறைந்தால் நான் ஏற்றுவேன். இரண்டரை வருடம் அந்தக் கட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேசும்போது பின்னால் ஒரு மெஷின் ‘புஸ்... புஸ்’ என்று மூச்சு விடும். கணவருக்கு ஆக்சிஜன். ஏழேமுக்கால் ஆனால் அவர்தான் எல்லாரையும் விரட்டுவார், கப்புடைய அப்பா வரப்போகிறார், சீக்கிரம் என்று.

2009-இல் ஒரு வாரம் அந்த அம்மா வரவில்லை. பிறகு வரவே இல்லை. கில்டின் உறுப்பினர் பட்டியலில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, கடைசியாக வந்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று காட்டும். ஒரு மாதம். நாலு மாதம். பத்து மாதம். நான் விட்டு வரும்போது ஒரு வருடம் என்று காட்டியது. அவருடைய நிஜப் பெயரை நான் கேட்டதில்லை. ரயிலில் என்றால் கேட்டிருப்பேன், அதை ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டில் என்ன சொன்னார்கள்? அதை மட்டும் எழுதாமல் நழுவுகிறீர்கள். — இல்லத்தரசி, விருதுநகர்

நழுவத்தான் பார்த்தேன்.

2008 மே மாதம். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அம்மா அக்கா பிரசவத்துக்குத் திண்டுக்கல் போயிருந்தார். நான் கூட வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அன்றைக்குப் பார்த்து எங்கள் கூட்டம் இல்லிடன் என்ற பாஸை மூன்று வாரப் போராட்டத்துக்குப் பிறகு முதல்முறை சாய்க்கும் நிலையில் இருந்தது. ஆறரைக்கு எழுந்துவிடுகிறேன் என்றேன். ஆறரைக்கு அப்பா கதவருகே வந்து நின்றார். இன்னும் ஒரே ஒரு தடவை, 25 பேர் நிற்கிறார்கள் என்று ஹெட்செட்டைக் கழற்றாமலே சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

இல்லிடன் விழுந்தான். காது கிழியக் கத்தினார்கள். கொள்ளைப் பொருளைப் பங்கு போட்டார்கள், எனக்கு ஒன்றும் விழவில்லை. யாரோ ஒருவன் ‘கப், இன்னும் இருக்கிறாயே’ என்றான். மணியைப் பார்த்தேன். எட்டேகால். மோடத்தில் பச்சை விளக்கு நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது.

ஆட்டோ பிடித்துப் போனேன். ஆபரேஷன் முடிந்து, ஒரு கண்ணில் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர், அப்பாவின் செருப்பையும் மஞ்சள் பையையும் பார்த்துக்கொண்டிருந்தார். துணைக்கு ஆள் இல்லாமல் விடமாட்டோம் என்று சொன்னதால் அவர்தான் கையெழுத்துப் போட்டாராம். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: “இருபத்தஞ்சு பேர் நிக்கிறப்ப டிரைவர் இறங்கிப் போயிட முடியுமாடா? அதான் நானே வந்துட்டேன்.”

குத்திக்காட்டவில்லை. அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை. நிஜமாகவே அதை ஒரு டியூட்டி என்று எடுத்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் எனக்குப் பதில் இருந்தது.

ஆன்லைன் ரம்மி பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே? — வாசகர், ஓசூர்

அது உலகம் இல்லை, சூதாட்டம். 2022-இல் தமிழ்நாடு அவசரச் சட்டம் போட்டது, 2025-இல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்து மத்திய சட்டம் வந்தது. எனக்கு அதில் பேச ஒன்றும் இல்லை.

வார்கிராஃப்டுக்கு மறுபடி போய்ப் பார்த்ததுண்டா? — கல்லூரி மாணவர், மதுரை

ஒரே ஒரு மாதம். 2020 ஊரடங்கில் 15 டாலர் கட்டினேன். பத்து வருடம் கழித்தும் குப்புசாமி நான் விட்ட இடத்திலேயே, டலரான் என்ற மிதக்கும் ஊரின் தெருவில், அதே அங்கியோடு நின்றான்.

முதலில் ‘தௌசண்ட் நீடில்ஸ்’ என்ற இடத்துக்குப் போனேன். ஊசி ஊசியாகப் பாறைகள் நிற்கும் வறண்ட பள்ளத்தாக்கு. சேர்ந்த புதிதில் வழி தெரியாமல் நான் பலமுறை செத்த இடம். இப்போது பாறை நுனிகள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. 2010 கடைசியில் கதையில் ஒரு பிரளயம் வைத்து அதை மூழ்கடித்துவிட்டார்கள், நான் அப்போது அங்கே இல்லை. அணையில் முங்கிய ஊரைப் பார்க்கப் போனவன் மாதிரி கொஞ்ச நேரம் கரையில் நின்றேன். பழைய உலகம்தான் வேண்டும் என்று ஆட்கள் கேட்டதால் 2019-இல் ‘கிளாசிக்’ என்று அதை அப்படியே திறந்திருக்கிறார்கள், அங்கே அப்போது தண்ணீர் வந்திருக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். எல்லாருமே புது ஆட்கள், வேகமாக ஓடிக்கொண்டிருந்தார்கள்.

குப்புசாமியின் பையைத் திறந்தேன். உள்ளே மீன் விருந்து. ரெய்டுக்கு முன்னால் 25 பேருக்கும் சேர்த்து நடுவில் இறக்கி வைக்கும் சாப்பாடு அது. கடைசி வாரம் என் முறை போலிருக்கிறது. சமைத்து எடுத்து வைத்துவிட்டு, அதற்குள் விட்டுவிட்டேன். இறக்கி வைக்கலாமா என்று சுட்டியை அதன்மேல் கொண்டுபோனேன். யாருக்கு?

வெளியேறும் முன் அவனை நடத்திச் சத்திரத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினேன். வெட்டவெளியில் விட்டால் களைப்பு சீக்கிரம் தீராது, உள்ளே விட்டுவிட்டுத்தான் வெளியேற வேண்டும் என்று ஒஹையோ அம்மா சொல்லிக்கொடுத்திருந்தார்.