மாருதி 800 என்ஜின் அறை ஒயர்களை மறைப்பது பற்றி

வணக்கம் நண்பரே. ஃபாக் லாம்ப், ஹார்ன் ஒயர்கள் என்ஜின் மேல் தொங்குகின்றன, எல்லாவற்றையும் ஃபெண்டருக்குள் (முன்சக்கரத்தை மூடும் பக்கத் தகடு) தள்ளி மறைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கம்பெனி ஒயரிங்கில் கை வைக்காதீர்கள். அசிங்கமாகத் தெரிவது பெரும்பாலும் பின்னால் சேர்த்த ஒயர்கள்தான். ஃபெண்டருக்குள் போட்டால் டயர் வாரி இறைக்கும் சேறும் தண்ணீரும் அங்கேதான் வந்து சேரும், பழுது பார்ப்பதும் நரகம்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள், பிறகு ஒவ்வொரு ஒயருக்கும் பேர் எழுதி ஒட்டுங்கள். அப்புறம் என்ஜின் அறைக்குள்ளேயே ஃபெண்டரின் உள்விளிம்பை ஒட்டி, ரேடியேட்டர் மேல்சட்டத்துக்கு அடியில் கொண்டுபோங்கள். சைலன்சர் மேனிஃபோல்டு (என்ஜினிலிருந்து சூடான புகை வெளியேறும் குழாய்) பக்கமே வேண்டாம். ஸ்பார்க் பிளக் ஒயர்களோடும் சேர்த்துக் கட்டாதீர்கள். என்ஜின் ஆடும், அதனால் அதற்குப் போகும் ஒயரில் கொஞ்சம் தொய்வு விடுங்கள்.

ஒயர்களுக்கு மேல் நெளிவுக் குழாய் (வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் உறை) போட்டு, துணி டேப் சுற்றுங்கள். சாதாரண பிளாஸ்டிக் இன்சுலேஷன் டேப் சூட்டில் பசை கக்கிப் பிரிந்துவிடும். என் வண்டியில் ஒரே கோடையில் கை வைக்க முடியாதபடி பிசுபிசுத்தது. தகட்டு ஓட்டை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் குரோமெட் (ஓட்டை விளிம்பு ஒயரை அறுக்காமல் காக்கும் வளையம்) கட்டாயம்.

மறைப்பதைவிட முக்கியம் ஃபியூஸ். 55 வாட் விளக்கு இரண்டு என்றால் 12 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர். ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) வைத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள், ஒயரும் அதைத் தாங்கும் கனத்தில் இருக்கட்டும். முறுக்கி டேப் ஒட்டிய இணைப்பு ஏதாவது இருந்தால், குழாய்க்குள் போகும் முன் கிரிம்ப் செய்துவிடுங்கள், அதாவது உலோக இணைப்பானை அழுத்தி இறுக்கிவிடுங்கள்.